லினக்ஸ் எங்கேயும் போகலை பாஸ்!

லேப்டாப்ல விண்டோஸ் ஒரு பக்கம், உபுண்டு ஒரு பக்கம்னு ரெண்டு குதிரையில சவாரி பண்றவங்களா நீங்க? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான்.

விண்டோஸ் ரொம்ப நாளா நொண்டுது. சரி, புதுசா போட்டுடலாம்னு உட்கார்றீங்க. எல்லாம் நல்லபடியா முடியுது. ரீஸ்டார்ட் பண்ணினா... ‘உபுண்டுவா, விண்டோஸா?’ன்னு வழக்கமா கேட்கிற அந்தக் கறுப்பு மெனுவைக் காணோம்! நேரா விண்டோஸ் வந்து நிக்குது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் முழுக்க லினக்ஸ் பக்கம் இருக்கு. திங்கட்கிழமை ரிவ்யூ. வயித்துல புளியைக் கரைக்குதா?

கூல்! உங்க லினக்ஸ் இருந்த இடத்துலயேதான் இருக்கு. ப்ராஜெக்ட்டும் பத்திரமா இருக்கு. ஆனா பதற்றத்துல நம்மாளுங்க பண்ற காரியம்தான் அதை அழிக்குது. ‘லினக்ஸ் போயிடுச்சு’ன்னு முடிவு கட்டி, மறுபடி முதல்லேர்ந்து இன்ஸ்டால் பண்ணிடறாங்க. விண்டோஸ் தொடாத ஃபைலை நாமளே அழிச்ச கதையாயிடுது.

என்னதான் நடந்துச்சு?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் ஓ.எஸ்.ஸுக்கு முன்னாடி எழுந்திருக்கிறது பூட் லோடர்ங்கிற குட்டி புரோகிராம். ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரின்னு வெச்சுக்கங்க. யார் எந்த ரூம்னு அவருக்குத்தான் தெரியும். லினக்ஸோட வர்ற வாட்ச்மேன் பேர் கிரப். இவருக்கு ரெண்டு ரூமுமே தெரியும். விண்டோஸ் தன்னோட சொந்த வாட்ச்மேனைக் கூட்டிக்கிட்டு வரும். அவருக்கு விண்டோஸ் ரூம் மட்டும்தான் தெரியும். ஆள் மாறிப்போச்சு, ரூம் அப்படியேதான் இருக்கு!

பழைய பயாஸ் மெஷின்கள்ல இந்த வாட்ச்மேன் உட்கார்ற இடம், ஹார்டு டிஸ்கோட முதல் 512 பைட். அதுல புரோகிராமுக்கு ஒதுக்கின இடம் வெறும் 446 பைட்தான். அங்கே கிரப் இருந்தா, விண்டோஸ் அதுமேலேயே எழுதிடும்.

இப்ப வர்ற யூ.இ.எஃப்.ஐ. மெஷின்கள்ல கதை வேற. டிஸ்க்ல ‘இ.எஃப்.ஐ.’னு ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். அதுல விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதல்ல கூப்பிடணும்ங்கிற லிஸ்ட் மதர்போர்டுல இருக்கும். விண்டோஸ் போட்டா அந்த லிஸ்ட்ல தன் பேரை மேலே ஏத்திக்கும். அவ்ளோதான் மேட்டர்.

முதல் வைத்தியம்: லிஸ்டை மாத்துங்க

அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11-ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு நுழைஞ்சிருந்தீங்கன்னா, பல லேப்டாப்ல டிஸ்க் தானாவே பிட்லாக்கர் பூட்டு போட்டுக்கும். பூட் செட்டிங்கை மாத்தினா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். உங்க அக்கவுன்ட்டுக்குள்ளே போய் அதை முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க.

இப்ப விண்டோஸ்லயே ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டு ரீஸ்டார்ட் கொடுங்க. நீல ஸ்க்ரீன்ல ‘யூஸ் எ டிவைஸ்’ இருந்தா, அதுக்குள்ளே ‘உபுண்டு’ன்னு பேர் தெரியுதா பாருங்க. தெரிஞ்சா க்ளிக்குங்க, லினக்ஸ் வந்துடும். நிரந்தரமா வேணும்னா, மெஷின் ஆன் ஆகும்போதே எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டி செட்டிங்குக்குள்ளே போங்க. கம்பெனிக்குக் கம்பெனி கீ மாறும். பூட் வரிசையில உபுண்டுவை முதலிடத்துக்குத் தூக்கிட்டு சேவ் பண்ணுங்க. பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிஞ்சுடும்.

ரெண்டாவது வைத்தியம்: லைவ் பென் டிரைவ்

லிஸ்ட்ல உபுண்டு பேரே இல்லையா? இல்லை, பழைய மெஷினா? ஃப்ரெண்டோட கம்ப்யூட்டர்ல உபுண்டு பென் டிரைவ் ஒண்ணு தயார் பண்ணி, அதுலேர்ந்து பூட் பண்ணுங்க. ‘ட்ரை உபுண்டு’வைத் தேர்ந்தெடுங்க. ‘இன்ஸ்டால்’ பக்கம் கை போகவே கூடாது!

முதல் வேலை ரிப்பேர் இல்லை, காப்பி. ஃபைல் மேனேஜர்ல உங்க லினக்ஸ் பார்ட்டிஷனைத் திறந்து, ‘ஹோம்’ ஃபோல்டருக்குள்ளே இருக்கிற ப்ராஜெக்ட்டை இன்னொரு பென் டிரைவுக்கு மாத்துங்க. பர்மிஷன் இல்லைன்னு முரண்டு பிடிச்சா, டெர்மினல்ல ‘சூடோ’ போட்டு காப்பி பண்ணுங்க. திங்கட்கிழமைக் கவலை இங்கேயே தீர்ந்துது. இனி நிதானமா ரிப்பேர்.

நெட் இருந்தா, ‘பூட்-ரிப்பேர்’ங்கிற இலவச டூலைப் போட்டு, அது சிபாரிசு பண்ற ரிப்பேர் பட்டனை அழுத்தலாம். டெர்மினல் பழக்கம் இருக்கிறவங்க, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் பண்ணி, ‘சி.எச்.ரூட்’ வழியா உள்ளே போய், ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ ரெண்டையும் ஓட்டணும். ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கங்க. பழைய மெஷின்ல ‘எஸ்.டி.ஏ.’ன்னு முழு டிஸ்க் பேரைக் கொடுக்கணும், ‘எஸ்.டி.ஏ.1’னு பார்ட்டிஷன் பேரைக் கொடுக்கக் கூடாது. புது மெஷின்ல பென் டிரைவும் யூ.இ.எஃப்.ஐ. முறையிலயே பூட் ஆகியிருக்கணும், இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனையும் சேர்த்து மவுன்ட் பண்ணணும்.

லினக்ஸ் வந்துடுச்சு, இப்ப மெனுவுல விண்டோஸைக் காணோமா? 2021-ல வந்த கிரப் 2.06 வெர்ஷன்லேர்ந்து, மத்த சிஸ்டங்களைத் தேடிப் பிடிக்கிற ‘ஓ.எஸ்.-ப்ரோபர்’ வேலையை முடக்கியே வெச்சிருக்காங்க. கிரப்போட செட்டிங் ஃபைல்ல அதை முடக்கற வரியை ‘ஃபால்ஸ்’னு மாத்தி, மறுபடி ‘அப்டேட்-கிரப்’ ஓட்டுங்க. விண்டோஸ் மெனுவுல வந்து உட்கார்ந்துடும்.

கட்டாயம் செய்யக் கூடாதது

விண்டோஸுக்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது. அதனால டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அது பேரில்லாத இடமாத்தான் தெரியும். ‘சும்மாதானே கிடக்கு’ன்னு டெலீட் பண்ணிடாதீங்க. ‘ஃபார்மேட் பண்ணட்டுமா?’ன்னு எங்கேயாவது கேட்டா, ‘கேன்சல்’தான் பதில். விண்டோஸ் போடும்போதே லினக்ஸ் பார்ட்டிஷனை அழிச்சிருந்தா மட்டும் மேலே சொன்ன வைத்தியம் எதுவும் பலிக்காது. உடனே மெஷினை ஆஃப் பண்ணிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிஞ்சவங்ககிட்ட போங்க. மேலே மேலே எழுத எழுத, மீட்கிற வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

லேப்டாப்பைக் கடையில கொடுத்து ஓ.எஸ். போடறீங்களா? ‘அண்ணே, இதுல லினக்ஸும் இருக்கு, விண்டோஸ் டிரைவை மட்டும் தொடுங்க’ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா மொத்த டிஸ்கையும் துடைச்சுட்டு, புத்தம் புதுசா கையில கொடுப்பாங்க!

உபுண்டு பென் டிரைவ் ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும். அப்புறம், இதைப் படிச்சு முடிச்ச கையோட அந்த ப்ராஜெக்ட்டை இன்னொரு இடத்துலயும் காப்பி பண்ணி வெச்சிடுங்க, சரியா? அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!