டேகு குட்டிகளுக்கு யார் பொறுப்பு?

வாங்கி வந்தது இரண்டு. நான்கு மாதம் கழித்துக் கூண்டைப் பார்த்தால் எட்டு! செல்லப்பிராணியாக டேகு வளர்க்கும் பலருக்கும் பழகிப்போன கணக்கு இது. "எதிர்பாராமல் குட்டி போட்டுவிட்டது" என்பார்கள். உண்மையிலேயே எதிர்பாராததுதானா அது?

டேகு, தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. வால் நுனியில் குஞ்சம் வைத்த பெரிய எலி போல இருக்கும். கினிப்பன்றிக்கும் சின்சில்லாவுக்கும் தூரத்து உறவு. மத்திய சிலியின் புதர்க்காடுகளில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் பலர் இதை வீட்டில் வளர்க்கிறார்கள். தனியாக விட்டால் வாடிப்போகும் என்பதால் குறைந்தது இரண்டாவது சேர்த்து வளர்க்க வேண்டும் என்பது அறிவுரை. சரியான அறிவுரைதான். ஆனால் எந்த இரண்டு என்று பார்க்காமல் வாங்குவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டேகுவில் ஆண், பெண் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். ஆணின் விரைகள் உடலுக்குள்ளேயே இருக்கும், வெளியே பை தெரியாது. பெண்ணுக்கோ சிறுநீர் வெளியேறும் இடத்தில் கூம்பு போல ஒரு சிறு முனை நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவர் அதையும் ஆண் என்றே நினைத்துக்கொள்வார். பார்க்க வேண்டியது, அந்த முனைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை. பெண்ணுக்கு இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும், ஆணுக்குத் தெளிவான இடைவெளி இருக்கும். இரண்டு மூன்று டேகுக்களை அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். (வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, வாலின் தோல் உரிந்து கையோடு வந்துவிடும்!)

கர்ப்ப காலம் சுமார் 90 நாட்கள். ஒரு ஈற்றுக்குப் பொதுவாக ஐந்து, ஆறு குட்டிகள். குட்டி போட்ட கையோடு தாய் மறுபடியும் கருத்தரிக்க முடியும். அதாவது, வீட்டில் உள்ளவர்கள் குட்டிகளை ரசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்று வயிற்றில் வளர ஆரம்பித்திருக்கும். இந்த வேகத்தில் போனால் வருடத்துக்கு நான்கு ஈற்று, ஈற்றுக்கு ஐந்து என்றாலும் 20 குட்டிகள். இது தாயின் கணக்கு மட்டும்தான். குட்டிகளில் சில இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். தாய், உடன்பிறப்பு என்று அவை விலகி இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

"குழந்தைகள் இயற்கையைக் கற்றுக்கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்வதுண்டு. பிரசவத்தைப் பார்ப்பது ஒரு நாள் பாடம். அந்தக் குட்டிகளோ ஐந்து முதல் எட்டு வருடம் வரை வாழக்கூடியவை. மரத்தையும் பிளாஸ்டிக்கையும் கடித்துவிடும் என்பதால் நல்ல கம்பிக் கூண்டு வேண்டும். எளிதில் நீரிழிவு வரும் பிராணி என்பதால் சர்க்கரை இல்லாத தீனி வேண்டும். இருபது குட்டிகளுக்கு இப்படி ஒரு வீட்டை யார் தேடித் தருவார்கள்? அடுத்தடுத்துச் சுமந்து, பாலூட்டி இளைத்துப்போகும் தாயின் நிலை என்ன?

அதற்காக ஒற்றையாக வளர்ப்பது தீர்வாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், ஒரு பிராணியை மற்றவற்றோடு சேர்த்து வைக்கவோ பிரித்து வைக்கவோ வேண்டிய தேவை இருந்தால் அதை நிறைவேற்றுவதும் வளர்ப்பவரின் பொறுப்பு என்கிறது. டேகுவுக்கு இரண்டும் பொருந்தும். துணையும் வேண்டும், ஆணும் பெண்ணும் பிரிந்தும் இருக்க வேண்டும். ஒரே பாலினத்தில் இரண்டை வளர்த்தால் இரண்டும் நிறைவேறிவிடும்.

வாங்கிய முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. கடையிலேயே சினையாகி வந்த பெண்ணாகவும் இருக்கலாம். ஆணோடு இருக்கும் பெண் சினை என்று தெரிந்தால், குட்டி போடும் முன்பே ஆணைப் பிரித்துவிட வேண்டும். ஆண் குட்டிகள் பால் மறந்ததும், இரண்டு மாதம் ஆவதற்குள் தந்தையின் கூண்டுக்கு மாற்றலாம். தந்தைக்கும் துணை கிடைக்கும். ஆணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தாலும், அதன் பிறகு சில வாரங்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் இருக்கும். உடனே சேர்த்துவிடக் கூடாது.

இதில் பெரிய பொறுப்பு விற்பவருக்குத்தான். தினமும் கையாளும் கடைக்காரருக்கே ஆண், பெண் தெரியாது என்றால், முதல் முறையாக வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? சரிபார்த்து ரசீதிலேயே ஆணா, பெண்ணா என்று எழுதித் தர வேண்டும். அது தவறாகிப்போனால், பிறக்கும் குட்டிகளுக்கு வீடு தேடும் சுமையையும் கடை ஏற்க வேண்டும். அப்படி எழுதித் தர மறுக்கும் கடையில் டேகு வாங்காமல் இருப்பதே நல்லது.