நக்சிவான்: அன்று கான்களின் சிற்றரசு... இன்று 'டிரம்ப் பாதை'!

நக்சிவான், அஜர்பைஜானின் ஒரு பகுதி. ஆனால், தலைநகர் பாகுவில் இருந்து நேரா போக முடியாது, நடுவில் ஆர்மீனியா. விமானம் ஏறணும், இல்லைன்னா ஈரான் வழியா சுத்தணும். ஏன் இப்படி?

1747-ல் ஈரான் மன்னர் நாதிர் ஷா கொல்லப்பட்டதும், ஈரானின் மேலாண்மைக்கு உட்பட்ட சிற்றரசாக இங்கே கான்களின் ஆட்சி உருவானது. 1828 துர்க்மென்சாய் ஒப்பந்தத்தில் அது ரஷ்யா கைக்குப் போனது. அராஸ் ஆறு எல்லையானது. 1921 ஒப்பந்தங்கள் நக்சிவானை அஜர்பைஜானிடம் கொடுத்தன. சோவியத் காலத்தில் ஆர்மீனியா வழியே ஓடிய ரயிலும் கராபாக் போரால் நின்றது.

அந்த வழியைத் திறக்க 2025 ஆகஸ்ட் 8-ல் வாஷிங்டனில் இரு நாடுகளும் சம்மதித்தன. ஆனால், அது ஈரான் எல்லையை ஒட்டி வருகிறது. 'அன்று அராஸ் கரைக்கு ரஷ்யா வந்தது, இப்போ அமெரிக்காவா?' இதுதான் டெஹ்ரானின் கவலை.