பாலிங்குக்கு வந்த யூதரும் மலாக்கா முன்ஷியும்

சென்ற வாரம் பாலிங் பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதியதற்குக் கூப்பாங்கிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய பதில் இந்த வாரம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டேவிட் மார்ஷல் யூதர் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நம்மூர்ச் சரித்திரத்தில் யூதரை ஏன் இழுக்கிறீர்கள்? அவர்கள் கும்பிடுவது வேறு சாமி, கிறிஸ்தவர்கள் கும்பிடுவது வேறு, முஸ்லிம்கள் கும்பிடுவது வேறு. கோர்ட்டே சொல்லிவிட்டது" என்கிறார். எழுதியவர் தமிழர், என்னைப் போல் இந்து. அந்த மூன்று மதத்துக்கும் வெளியே நின்றுகொண்டு இவ்வளவு உறுதியாகப் பேச எப்படி மனம் வருகிறது? எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ஷலை நான் இழுத்து வரவில்லை. 1955 டிசம்பர் 28, 29 இரண்டு நாளும் பாலிங் அரசு ஆங்கிலப் பள்ளியின் வகுப்பறையில் அரசுத் தரப்பில் துங்கு அப்துல் ரஹ்மானோடும் டான் செங் லோக்கோடும் உட்கார்ந்திருந்தவர் அவர். கிளியான் இந்தான் பக்கம் காட்டிலிருந்து வெளியே வந்த கம்யூனிஸ்ட் தலைவர்கள் சின் பெங், சென் தியென், ரஷிட் மைடின் மூவரும் எதிரே. அப்போது மார்ஷல் சிங்கப்பூரின் முதலமைச்சர், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். பாக்தாத் வழி யூதக் குடும்பம் அவருடையது. அந்தப் பாக்தாதில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் சாதியா கஓன், 10ஆம் நூற்றாண்டில் தோராவை அரபியில் பெயர்த்தபோது கடவுளுக்கு எழுதிய பெயர் அல்லாஹ்.

யூதர் நமக்குத் தூரத்து ஆட்களும் அல்லர். பினாங்கில் 1929இலிருந்து 1976 வரை அவர்களுடைய தொழுகைக்கூடம் இருந்த தெருவின் பெயர் நாகூர் சாலை. அவர்களுடைய பழைய இடுகாடு ஜோர்ஜ் டவுனில் இன்றும் இருக்கிறது. அதை ஒட்டிய யூதர் சாலைக்குத்தான் பெயரை மாற்றிவிட்டார்கள்.

சரி, ஒரே கடவுளா? ஆம் என்றுதான் நான் நம்புகிறேன். மூவரும் வணங்குவதாகச் சொல்வது ஆபிரகாமை அழைத்த கடவுளைத்தான். வேதம் பெற்றவர்களோடு வாதிடும்போது இரு தரப்புக்கும் இறைவன் ஒருவனே என்று சொல்லும்படி குர்ஆனின் 29ஆம் அத்தியாயம் கற்பிக்கிறது. முஸ்லிம்கள் அந்த ஒரே கடவுளை ஆராதிப்பவர்கள் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதிப்போடு அறிவித்தது. முஸ்லிம்கள் சிலை வணக்கக்காரர்கள் அல்லர் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார் யூத அறிஞர் மைமோனிடிஸ். கிறிஸ்தவர்களின் திரித்துவத்தை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. அந்த வேறுபாடு பெரியது, அதை மூடி மறைக்கக் கூடாது. இயேசு கடவுளின் மகன் என்பதை விட்டால் கிறிஸ்தவம் இல்லை. அதை ஏற்றால் இஸ்லாம் இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒருவரைப் பற்றி எதிரும் புதிருமாகப் பேசி மல்லுக்கட்டுகிறார்கள் என்றால், பேசப்படுபவர் ஒருவர் என்றுதானே அர்த்தம்? ஆள் வேறு வேறு என்றால் வழக்குக்கே இடமில்லையே.

கோர்ட் விஷயத்துக்கு வருகிறேன். 'ஹெரால்ட்' என்ற கத்தோலிக்க வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் நான்கிலும் வருவது. அதன் மலாய்ப் பக்கங்களில் அல்லாஹ் என்ற பெயரை அச்சிடலாமா என்பதுதான் பேராயர் மர்பி பாக்கியம் கொண்டுபோன வழக்கு. 2009 டிசம்பர் 31இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த சில நாளில் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் கதவைச் சாத்தியது. சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்திடம் 2008இல் விமான நிலையத்தில் பறிமுதல் செய்த, அல்லாஹ் என்ற பெயர் இருந்த 8 கிறிஸ்தவக் குறுந்தட்டுகளின் வழக்கு வேறு; அதில் 2021இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது, அரசு 2023இல் மேல்முறையீட்டைக் கைவிட்டது. இந்த நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வி, யார் எதை அச்சிடலாம், எதை வைத்திருக்கலாம் என்பது. கடவுள் ஒருவரா மூவரா என்பது அவர்களிடம் போகவே இல்லை.

அச்சு என்று எழுதியதும் கை தானாக முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறான 'ஹிக்காயாட் அப்துல்லா'வைத் தேடிப் போய்விட்டது. பழைய வாசகர்களுக்கு என் பித்து தெரியும். என் பிரதியின் முதுகு பிரிந்ததால் துணி ஒட்டியிருக்கிறேன். பாதிரிகள் வரும் அத்தியாயங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துவிட்டன.

முன்ஷி அப்துல்லா 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாக்காவில் பிறந்தவர். ஏமனிலிருந்து நாகூர் வந்து அங்கே பெண் கட்டியவரின் வம்சம். தாய்வழி மூதாதை ஒருவர் நம் கெடாவிலிருந்த இந்து. இஸ்லாத்தைத் தழுவி மலாக்கா போனவர். அப்துல்லாவுக்குக் குர்ஆனோடு தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள், ஏனென்றால் அன்றைய மலாக்காவில் வியாபாரக் கணக்கு தமிழில் நடந்தது. கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குப் பாடம் எடுத்ததில் வந்த பட்டம்தான் முன்ஷி. பிறகு லண்டன் மிஷன்காரர்கள் வந்தார்கள். மில்ன் பாதிரிக்கு மலாய் கற்றுக்கொடுத்தார், மெட்ஹர்ஸ்டிடம் அச்சுக்கோக்கக் கற்றுக்கொண்டார். ஆங்கிலம் படித்தால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிடுவான் என்று பயந்தவர்கள் உண்டு. அப்துல்லா பாதிரி என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவர் அசையவில்லை.

தாம்சன் பாதிரியோடு உட்கார்ந்து நற்செய்தியை மலாயில் திருத்திய கதைதான் எனக்கு உயிர். தாம்சன் ஒரு தொடரை வைக்கிறார். மலாய்க்காரன் இப்படிப் பேசமாட்டான் என்கிறார் அப்துல்லா. சொர்க்கத்தின் அரசு என்பது அவர் காதில் ஒட்டவில்லை, கடவுளின் மகன் என்பதும் ஒட்டவில்லை. மூலத்தில் எப்படியோ அப்படியே வேண்டும் என்று தாம்சன் பிடிவாதம் பிடிக்கிறார். வேறு வழியில்லாமல் இவர் எழுதிக்கொடுக்கிறார். பிறகு தன் கதையை எழுதும்போது படிப்பவர்களிடம் மன்றாடுகிறார், அந்த நூல்களில் தெரியும் கோணலுக்குத் தன்னைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். ஐவேளை தொழுகிற மனிதர். எதிரே இருப்பவர் சொல்வதில் பாதியை அவருடைய மார்க்கம் மறுக்கிறது. கோபப்படுகிறார், வாதாடுகிறார், ஆனால் மேஜையை விட்டு எழுந்து போகவில்லை. அந்த நற்செய்தியில் கடவுளுக்கு இருந்த பெயர் இவர் தொழுகையில் சொன்ன அதே பெயர். 1629இல் மலாயில் மத்தேயு நற்செய்தி அச்சேறியபோதே வந்துவிட்ட பெயர். அவருடைய குறையெல்லாம் அந்தக் கடவுளைப் பற்றித் தாம்சன் கட்டிய தொடர்களின் மேல்தான். தான் வணங்காத ஒருவரைப் பற்றிய பேச்சாக நினைத்திருந்தால், அது கோணலாக இருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன என்று விட்டிருப்பார். தன் இறைவனைப் பற்றிய பேச்சு என்பதால்தான் அவ்வளவு வலித்திருக்கிறது என்று நான் படிக்கிறேன்.

பாதிரிகளோடு அவருடைய உழைப்பு தாம்சனோடு முடியவில்லை. சிங்கப்பூரில் கீஸ்பெரியோடு சேர்ந்து வேலை பார்த்தார், ஹிக்காயாட்டே 1849இல் அங்கே கல்லச்சில் வந்தது. 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுப் போய் அரபு மண்ணில் இறந்தார்.

நான் பள்ளியில் படித்தபோது நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று அவர் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தாம்சன் அத்தியாயத்தை யாரும் திறந்து காட்டவில்லை. பாலிங் பள்ளிகளில் மலாய் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும்.