40 டாலர் பை உண்மையில் எவ்வளவு?

வெளிநாட்டு இணையதளத்தில் 40 டாலருக்கு ஒரு கைப்பை பார்க்கிறீர்கள். 'அட, 3,600 ரூபாய்தானே' என்று உடனே ஆர்டர் போட்டுவிடாதீர்கள். கூகுள் ஷீட்டில் ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

பொருள், விலை, அனுப்பும் செலவு, கார்டு கட்டணம், சுங்க வரி, மொத்தம், நம்ம ஊர் விலை என ஏழு கட்டங்கள் போதும். டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பை 3,600. அனுப்பும் செலவு 15 டாலர் என்றால் 1,350. அந்நியச் செலாவணிக் கட்டணமாக வங்கி 3.5 சதவிகிதம் பிடித்தால் 173. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 31. சுங்க வரிக்கு முன்பே 5,154 ரூபாய் ஆகிவிட்டது!

அந்த வரியும் பை விலைக்கு மட்டுமல்ல. அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் போடுவார்கள். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், ஆர்டர் செய்யும் நாளில் பார்த்து எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினாலும் தப்ப முடியாது. 5,000 ரூபாய் வரையிலான பரிசுகளுக்கு இருந்த சலுகை, ராக்கி, உயிர் காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது.

கடைசி இரண்டு கட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் பை வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள். இந்த மாத பட்ஜெட் இடம் கொடுக்கவில்லையா? அந்த வரியை அழிக்க வேண்டாம், அடுத்த மாதப் பக்கத்துக்கு நகர்த்தி வையுங்கள்.