வேலூர் வெயிலில் உருகும் தனிமங்கள்

பத்தாவது முடித்துவிட்டுப் பிளஸ் ஒன் போகப்போகும் தம்பி மகள் விடுமுறைக்கு வேலூர் வந்திருக்கிறாள். போன வாரம் ஒரு மதியம், கூடத்து வெப்பமானி 40-ஐத் தொட்டிருந்த நேரத்தில், கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்கள் இரண்டு. பாதரசம், புரோமின்."

கையில் இருந்தது தனிம வரிசை அட்டவணைச் செயலி. நான் படித்தபோது ஆய்வகச் சுவரில் தொங்கிய துணி அட்டவணை 103-ஆவது தனிமமான லாரன்சியத்தோடு முடிந்துவிடும். இதில் 118-உம் உண்டு. கட்டத்தைத் தொட்டால் அடர்த்தி, உருகுநிலை, எலக்ட்ரான் அமைப்பு எல்லாம் வந்து நிற்கின்றன. அவளோ அதையும் துணி அட்டவணையைப் போலவே வைத்துக்கொண்டிருந்தாள். தொடுவாள், பார்ப்பாள், கண்ணை மூடி ஒப்பிப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

செயலியில் வெப்பநிலையை ஏற்றி இறக்க ஒரு கோடு இருந்தது. அது 25-இல் நின்றது. "நம்ம கூடத்துல இப்ப எவ்வளவோ அங்க கொண்டுபோய் வை" என்றேன். விரலால் மெல்ல நகர்த்தினாள். 28-ஐத் தாண்டியதும் சீசியம் நிறம் மாறியது. 30-க்குள் கேலியம். 39-ஐக் கடந்ததும் ரூபிடியம்.

"பெரியப்பா, அப்ப இரண்டு இல்லையா?"

சீசியமும் ரூபிடியமும் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கக்கூடியவை. கண்ணாடிக் குழலில் அடைத்துத்தான் வைப்பார்கள். அந்தக் குழல் இந்தக் கூடத்தில் இருந்தால் உள்ளே உலோகம் உருகித்தான் கிடக்கும்.

அடுத்து ஒன்று செய்யச் சொன்னேன். முதல் தொகுதியில் மேலிருந்து உருகுநிலைகளைப் படித்தாள்: லித்தியம் 180, சோடியம் 98, பொட்டாசியம் 63. அணு பெரிதாகப் பெரிதாக உலோகப் பிணைப்பு தளர்கிறது, அதனால் எண் இறங்குகிறது. ரூபிடியம் எவ்வளவு என்பதை அவள் கவனித்திருக்கவில்லை. அதைக் கையால் மறைத்து, கீழே சீசியம் 28 என்பதை மட்டும் காட்டினேன். "நடுவுல எவ்வளவு இருக்கும்?" யோசித்து 45 என்றாள். கையை எடுத்தேன், 39. ஆறு டிகிரிதான் வித்தியாசம். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மெண்டலீவ் செய்ததும் இதே வேலைதான். 1869-இல் அட்டவணையை வெளியிட்டபோது அலுமினியத்துக்கு அடுத்து ஓர் இடத்தைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டிய உலோகம் எளிதில் உருகும், அடர்த்தி 6-ஐ ஒட்டியிருக்கும் என்று அக்கம்பக்கத்தை வைத்தே பிறகு கணித்தார். 1875-இல் பிரான்சில் லெகோக் த புவாபோத்ரான் கேலியத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ், மாதிரியைச் சுத்தப்படுத்தி மறுபடி அளக்கும்படி எழுதினார். மறுபடி அளந்தபோது வந்தது 5.9. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் கதை இது.

அதனால் செயலியில் படிக்கும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டத்தைத் தொடுவதற்கு முன் மேலும் கீழும் இருப்பவற்றைப் பார்த்து ஒரு எண்ணை ஊகியுங்கள். அதைத் தாளில் எழுதிவிட்டுத் தொடுங்கள். சில இடங்களில் ஊகம் தவறும். பாதரசம் அதன் தொகுதியில் மேலே இருக்கும் துத்தநாகத்தோடும் காட்மியத்தோடும் சேராமல் -39-லேயே உருகிவிடும். தவறிய இடத்தில் நின்று ஏன் என்று ஆசிரியரைக் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசிக் கட்டமான ஓகனெசனில் இதுவரை உருவாக்கிய அணுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் செயலி ஓர் உருகுநிலை காட்டினால், அது அளந்த எண் அல்ல, கணக்குப் போட்ட எண்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு வந்து கேட்டாள். "பரீட்சையில இந்தக் கேள்வி வந்தா எத்தனைன்னு எழுத, பெரியப்பா?"

"இரண்டுன்னே எழுது. பக்கத்துல '25 டிகிரியில்'னு சேர்த்துக்கோ."