தகுதியும் ‘குவாலிபைடும்’

‘குவாலிபைடு’ என்னும் ஆங்கிலச் சொல்லை நாவிற் சுமப்போர் அதன் இருபொருளை நோக்கினாரல்லர். தக்காரையும் அது சுட்டும். வரம்பிட்டுத் தரும் அரைகுறை இசைவையும் அதுவே சுட்டும். தமிழிலோ ‘தகு’ என்னும் வினையடி தகுதி, தக்கார், தகவு எனத் தெளிவுறக் கிளைத்துள்ளது. ‘யோக்கியதை’ என்னும் வடசொல்லை அரும்பாடுபட்டு விலக்கியது, அவ்விடத்தில் ஆங்கிலத்தைக் குடியேற்றவோ?

தகுதியை வகுப்பார் யார் என்பதே பெருவினா. திருப்புலிவனத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலைக்கு உரியாரை வரையறுக்கின்றது. கால்வேலிக்கு மேல் இறைநிலம், தன்மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குட்பட்ட அகவை, மறைப்பயிற்சி. மறையொன்றும் அதன் உரையொன்றும் கற்றவர்க்கு அரைக்கால்வேலியே போதுமாம்! மறையோதா உழவர்க்கு ஓலையே இல்லை. பார்ப்பனர் தமக்கென வகுத்துக்கொண்ட தகுதி அது. ‘குடியாட்சியின் தொட்டில்’ எனப் புகழ்வோர் இதனை மறைப்பர்.

ஆயினும், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் அக்கல்வெட்டு விலக்கிற்று. அக்கூறொன்றே தமிழ்ச்சொல்லின் பொருளோடு இயைவது. வள்ளுவரும் தக்காரைப் பிறப்பாற் பிரித்திலர். அவர் விட்டுச்செல்வது கொண்டே பிரித்தார். இன்று ‘குவாலிபைடு’ என்று மார்தட்டுவோர் பட்டச் சான்றை நீட்டுவர். கணக்கை நீட்டச் சொன்னால்?