அறை தடுக்குமுன் ஒரு வார்த்தை



சென்ற மாதம் எங்கள் மணவாளக்குறிச்சி வீட்டில் ஒரு பெரிய நஷ்டம் மயிரிழையில் தப்பியது. திருடன் வரவில்லை, தீப் பிடிக்கவில்லை. காலேஜில் படிக்கும் என் பிள்ளை பழைய லாப்டாப்பில் லினக்ஸ் போடப் புறப்பட்டான், அவ்வளவுதான்!

அவன் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை எங்கள் பழைய யந்திரம் ஏற்கவில்லை. லினக்ஸோ இலவசம். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த காரியம் அது. நமக்கும் புதிதல்ல, 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லாப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்ததே!

"அம்மா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று கேட்கிறது. சரி என்று அமுக்கட்டுமா?"

"நில்லு மக்கா!" என்று கரண்டியும் கையுமாக ஓடினேன். என் மாமியார் கடைசியாகப் போன மண்டைக்காட்டுக் கொடைப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

ஆகவே முதல் வேலை, மறுபடி கிடைக்காதவற்றை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பது. எடுத்தால் போதாது, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கவேண்டும். பிறகுதான் பிரிவினை.

அது எதற்கு என்கிறீர்களா? எங்கள் கடற்கரை மணலில் இல்மனைட், ஸிர்கான், மோனஸைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஐ.ஆர்.இ. மணல் ஆலையில் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் அவற்றைத் தனித்தனியே பிரிக்கிறார்கள். கலந்து கிடக்கும்வரை வெறும் மணல், பிரித்தால்தான் சரக்கு. பெரிய ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே.

கடையில் 1,000 ஜி.பி. என்று வாங்கியது விண்டோஸில் 931 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அந்த இடத்தை உத்தேசமாக இப்படித் தடுக்கலாம்:

வாசற்படி: யந்திரம் கண் விழிக்க உதவும் இ.எப்.ஐ. பகுதி. 500 எம்.பி. போதும்.

சமையலறை: லினக்ஸும் அதன் நிரல்களும் இருக்கும் 'ரூட்'. 50 ஜி.பி. தாராளம்.

திண்ணை: நினைவகம் நிரம்பும்போது ஒதுங்க 'ஸ்வாப்'. லாப்டாப்பை 'ஹைபர்னேட்' செய்து உறங்கவைப்பதானால், நினைவகத்தின் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பெட்டி அறை: மீதி அனைத்தும் 'ஹோம்'. நம் படங்களும் கடிதங்களும் கணக்கும் இங்கேதான்.

இதில் லாபம் என்ன? நாளைக்கு லினக்ஸை மாற்ற நேர்ந்தால் சமையலறையை மட்டும் இடித்துக் கட்டலாம். பெட்டி அறையைத் தொடவேண்டாம். அப்போது 'ஹோம்' பகுதிக்கு எதிரே 'பார்மட்' என்ற கட்டத்தில் குறி இருக்கக்கூடாது. ஜாக்கிரதை!

விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்பவர்கள், விண்டோஸிலுள்ள டிஸ்க் மேலாண்மை வழியாகவே அதன் பகுதியை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள். 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் காகிதத்தில் குறித்து வையுங்கள். ஏற்கனவே உள்ள இ.எப்.ஐ. பகுதியை அழிக்காதீர்கள். டிஸ்க் 2 டி.பி.க்கு மேற்பட்டதானால் 'ஜி.பி.டி.' அட்டவணை முறைதான் வேண்டும், பழைய 'எம்.பி.ஆர்.' முறைக்கு அதற்கு மேல் கண் தெரியாது.

ஒன்று மறந்துவிடாதீர்கள். அறை தடுத்துவிட்டோம், இனிப் பிரதி எதற்கு என்று எண்ணவேண்டாம். டிஸ்க்கே கெட்டால் வீடு முழுவதும் போச்சு. பெட்டி அறை மட்டும் தனியே நிற்காது.

எங்கள் வீட்டில் பிரதி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பிள்ளைக்குப் பொறுமை இல்லை. "பிரிப்பது பத்து நிமிஷ வேலை அம்மா" என்று முனகினான். அப்புறம் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தோம். பொங்கல் பானைக்கு எதிரே, புகையில் கண் கசக்கியபடி, என் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பையன் முனகவில்லை.